ஆள் இருந்த அடையாளம்

ஒரு வீடு காலியானால் எனக்குத்தான் முதல் போன் வரும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஃபிளாட்டுகள் வாடகைக்கு விடுகிற நாலைந்து புரோக்கர்மாரிடம் என் நம்பர் இருக்கிறது. பழைய ஆட்கள் சாமான் ஏற்றின லொறி ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் நான் வாளியோடு படி ஏறிவிடுவேன். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடி, சுவரைத் தேய்த்து, இரண்டு கோட் அடித்து, குளியலறையை அசிட் ஊற்றிக் கழுவி, மூன்றாம் நாள் கதவைப் பூட்டித் திறப்பைப் புரோக்கரிடம் கொடுப்பேன். நாலாம் நாள் புது ஆட்கள் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே ஒரு குடும்பம் ஏழு வருஷம் சமைத்து, சாப்பிட்டு, சண்டை பிடித்துக்கொண்டு இருந்தது என்பது மூக்கை வைத்து மணந்தாலும் தெரியக்கூடாது. இருபது வருஷமாக என் தொழில் அதுதான். ஹியூபேட் பாஸ் பெயின்ற் அடித்த வீட்டில் ஆள் இருந்த அடையாளம் இருக்காது என்று புரோக்கர்மார் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்கத் தேவையில்லை.

நாங்கள் இருப்பதும் வாடகை வீட்டில்தான். கொட்டாஞ்சேனையில், புவாத் ஹாஜியாருடைய ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. ஒரு ஹோல், ஒரு அறை, இரண்டு பேர் நின்று சமைத்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய குசினி. நான், மனைவி றஞ்சிதம், மகள் ரொஷேல். ரொஷேலுக்கு ஒரு வயது முடிகிற நேரம் வந்தோம், இப்போது ஐந்து. அதற்கு முதல் ஒரு வருஷத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து எங்களை எழுப்பினார்கள். ஒன்றில் பிள்ளை அழுகிற சத்தம் தாங்க முடியவில்லை என்றார்கள். மற்றதில் காரணமே சொல்லவில்லை. ஹாஜியார் முன்பணமும் கிராம சேவகரின் கடிதமும் வாங்கிக்கொண்டு, "படிக்கட்டுல சத்தம், பக்கத்து வீட்டோட சண்டை, இந்த ரெண்டும் எனக்கு வாணாம் ஹியூபேட்" என்றார். இரண்டும் வராது என்று சொன்னேன். வரவுமில்லை.

எங்கள் வாசலிலிருந்து ஆறு நிமிஷம் நடந்தால் கன்னியர் மடத்தோடு ஒட்டின பெண்கள் பள்ளிக்கூடம். தரம் ஒன்றுக்கு ரொஷேலை அங்கே சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடமேதான் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் காலையைச் சொல்கிறேன். றஞ்சிதத்துக்கு வத்தளையில் கார்மென்ற் வேலை. நாலரைக்குப் பிள்ளையை எழுப்பி, அரைத் தூக்கத்தில் பல் தீட்டிவிட்டு, ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏற்றி, பாலம் தாண்டிப் போய், வத்தளையில் தன் தங்கச்சி ஷெரோமி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பிள்ளை பஸ்ஸில் நின்றபடியே தூங்கும். திரும்பி வர ஏழு மணியாகும். நானும் ஆறு மணிக்கே போய்விடுவேன். இந்தப் பள்ளிக்கூடம் கிடைத்தால் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் சிஸ்டர்மார் பிள்ளைகளை வைத்திருப்பார்கள், நான் வேலையை நாலரைக்கு விட்டு வந்து கூட்டிக்கொண்டு வரலாம். கிடைக்காவிட்டால் ஜனவரியிலிருந்து ரொஷேல் கிழமை நாளெல்லாம் ஷெரோமியோடு தங்க வேண்டியதுதான். வத்தளையில் ஒரு பள்ளிக்கூடம் பார்க்கலாம், சனி ஞாயிறில் வந்து கூட்டிக்கொண்டு போங்க என்று ஷெரோமியே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னாள். அன்றிரவு றஞ்சிதம் சாப்பிடவில்லை.

நேர்முகத்துக்குப் போகும்போது எல்லாக் கடதாசியும் கொண்டு போனோம். வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர், பதிந்த வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தண்ணீர் பில். நான் எழுத்துப் படித்தது முப்பத்தெட்டு வயதில், கோயில் ஹோலில் நடந்த மாலை வகுப்பில். விண்ணப்ப ஃபோர்மை வேறு யாரையும் கொண்டு நிரப்பாமல் நானே நிரப்பியிருந்தேன். உப அதிபர் சவுந்தரநாயகம் சேரும் ஜெகதீஸ்வரி ரீச்சரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சேர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெட்டிசம். கையெழுத்தில்லை, பெயரில்லை. இந்த ஃபிளாட் பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது, குடும்பம் வத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது, விலாசத்துக்காக மட்டும் கொட்டாஞ்சேனையில் வீடு வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

"பகல்ல பூட்டுத்தானே?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர். வேலைக்குப் போறோம்."

"பிள்ளை பகல்ல வத்தளையில."

"ஓம் சேர்."

"அப்ப பெட்டிசத்தில என்ன பிழை?"

றஞ்சிதம் ஏதோ சொல்லத் தொடங்கினாள், சேர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த கிழமை ஏதாவது ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பார்களாம். எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லமாட்டார்களாம். வரும்போது கதவில் பூட்டுத் தொங்கினால் விண்ணப்பம் அதோடு முடிந்தது.

பெட்டிசம் போட்டது யார் என்று வீடு வரும் வரைக்கும் றஞ்சிதம் யோசித்தாள். ஐம்பது இடத்துக்கு முந்நூறு பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள். நான் யாரையென்று நினைப்பது?

அவளுக்கு லீவு கிடையாது. ஒரு நாள் லீவு போட்டாலும், மாதம் முழுக்க வந்தால் கொடுக்கிற வரவுக் காசு போய்விடும். நான் நாள் கூலிக்காரன், என்னை யாரும் கேட்கப்போவதில்லை. வெள்ளவத்தையில் ஒரு வேலை வந்தது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் கிழமை வீட்டில் இருந்தேன். திங்கள், செவ்வாய், புதன். பகல் நேரத்தில் என் வீட்டுக்குள் நான் இருந்ததே இல்லை. எப்போது வெயில் எந்த ஜன்னலால் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது. படிக்கட்டில் கால் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பேன். ஒருநாள் காஸ் சிலிண்டர் தூக்கி வந்த ஆள். ஒருநாள் எதிர் வீட்டு டில்ஷானியிடம் சீட்டுக் காசு வாங்க வந்த பெண். மூத்திரம் போகக் குளியலறைக்குப் போனால்கூட முன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

சும்மா இருந்து பழகாதவன் சும்மா இருந்தால் சுவரைத்தான் பார்ப்பான். அப்போதுதான் எங்கள் ஹோல் சுவர் என் கண்ணில் பட்டது. நாங்கள் வரும்போதே அடித்திருந்த பச்சை. மாதா சுரூபத்துக்கு மேலே விளக்குப் புகை கறுப்பாகப் படிந்திருந்தது. ரொஷேலின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் கலர்ப் பென்சில் கிறுக்கல். கதிரை உரசின இடத்தில் காரை தெரிந்தது. கொழும்பில் எத்தனை பேருடைய சுவரை வழித்தெடுத்திருக்கிறேன், என் சுவர் இப்படி. படித்த மனிதர்கள் வந்து நின்று பார்க்கப் போகிற சுவர்.

புதன் இரவு றஞ்சிதத்திடம் குசினியையும் குளியலறையையும் கழுவி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுக்கென்ன, செய்ங்க என்றாள். வியாழன் காலை அவளும் பிள்ளையும் பஸ்ஸுக்கு இறங்கினார்கள். வெள்ளவத்தை வேலையில் மிஞ்சின ஐவரி நிறம் ஒன்றரை வாளி பல்கனியில் இருந்தது. ஹோலும் குசினியும் மட்டும் என்றால் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். நான் ஆரம்பித்தேன்.

என் கைக்கு வேலை செய்ய ஒரே ஒரு முறைதான் தெரியும். முதலில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மாதா சுரூபத்தை இறக்கினேன், கல்யாணப் படத்தை இறக்கினேன், கலண்டரை இறக்கினேன். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளை மூடினேன். சட்டி பானை, கோப்பை, மசாலாப் போத்தல், செருப்பு, குடை எல்லாம் கார்ட்போர்ட் பெட்டிக்குள் போய்க் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. காஸைக் கழற்றிப் பல்கனியில் வைத்தேன். ஃபிரிஜ்ஜைக் காலியாக்கி, சுவரிலிருந்து இழுத்து, வயரைப் பிடுங்கி, மணம் அடிக்காமல் கதவைத் திறந்து விட்டேன். பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் ஒரு பைக்குள் போட்டேன். ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினேன். படுக்கிற அறைக்குள் மெத்தையையும் உடுப்பு அலுமாரியையும் நடுவுக்குத் தள்ளி பிளாஸ்டிக் சீட்டால் மூடினேன். அறையை அடிக்க எண்ணமில்லை, ஆனாலும் தூசு படியாமல் மூடுவதுதான் பழக்கம். எட்டு மணிக்கெல்லாம் ரோலரைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தக் கிழமையில் அன்றைக்குத்தான் மனது கொஞ்சம் அமைதியாக இருந்தது.

பத்து மணி தாண்டிக் கதவைத் தட்டினார்கள்.

ஏணியிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்தேன். மூன்று மாடி ஏறின களைப்பில் சேர் டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். பின்னால் ரீச்சர், ஒரு கையில் குடை, மற்றக் கையில் ஃபைல். சேர் என் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கிழிந்த களிசான், தலையில் கட்டின துணி, கையெல்லாம் பெயின்ற்.

"கெதர கவுருவத் நெத்த?" என்று கேட்டார். வீட்டில் யாரும் இல்லையா என்று சிங்களத்தில். என்னை வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

"நான்தான் சேர் ஹியூபேட். ரொஷேலோட அப்பா. போன கிழமை வந்தேனே."

அவர் என் முகத்தைத் திரும்பப் பார்த்தார். நேர்முகத்துக்கு நான் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை சேர்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ரீச்சர்தான், ஓம் சேர், இவர்தான் என்றார். நான் கதவை நன்றாகத் திறந்து, உள்ளே வாங்க என்றேன். வந்தவர்களுக்கு இருக்க ஒரு கதிரை கொடுக்க வேண்டும் என்று திரும்பினேன். கதிரைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தன. அவர்கள் நின்ற இடத்திலிருந்து வீடு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு அந்த நேரம்தான் விளங்கியது. ஈரச் சுவர். நிலம் முழுக்கப் பேப்பர். ஜன்னல் முழுக்கப் பேப்பர். கயிறு கட்டின பெட்டிகள். திறந்து கிடக்கிற வெறும் ஃபிரிஜ். வெள்ளவத்தையில் நான் திறப்புக் கொடுக்கிற எந்த வீட்டுக்கும் ஒரு துளி குறையாமல், ஆள் இல்லாத வீடாக இருந்தது.

"எப்ப வந்தீங்கள் இந்த வீட்டுக்கு?" என்றார் சேர்.

"நாலு வருஷம் சேர்."

"நாலு வருஷம்." அவர் அதைத் திரும்பச் சொன்னார். பிறகு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் குசினிக்குள் போனார். சட்டி வைக்கிற ராக்கைகள் வெறுமை. சமைக்கிற இடத்தில் அடுப்பில்லை. குளியலறைக் கதவைத் திறந்தார், அசிட் மணம் வெளியே வந்தது. "பல்லுத் தீட்டாத குடும்பமோ?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் பிரஷ் வைத்த பையைத் தேடினேன், எந்தப் பெட்டிக்குள் வைத்தேன் என்று நினைவு வரவில்லை. இரண்டு பெட்டியை அவிழ்த்தேன். ஒன்றில் சட்டிகள், மற்றதில் செருப்பு. ரீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இண்டைக்குக் காலமை கொண்டுவந்து இறக்கினது மாதிரி இருக்கு, தம்பி."

பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருவார்களே, சுவர் அசிங்கமாக இருக்கிறதே என்று அடித்தேன் ரீச்சர் என்றேன். சொல்லும்போதே அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. பிள்ளையின் உடுப்பைக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் அறை வாசலிலேயே நிற்க, பிளாஸ்டிக்கை விலக்கி அலுமாரியைத் திறந்தேன். பகல் உடுப்பெல்லாம் ஷெரோமி வீட்டில். இங்கே இருந்தது இரவு உடுப்பு மூன்றும் கோயிலுக்குப் போடுகிற சட்டை ஒன்றும். சேர் அதை எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தார்.

பக்கத்தில் யாரையாவது கேட்போம் என்று ரீச்சர் சொன்னார். எதிர்க் கதவைத் தட்டினார்கள். டில்ஷானி அகப்பையோடு வந்தாள். சேர் சிங்களத்தில் கேட்டார், இந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு உதவி செய்ய வேண்டும் என்றுதான் அவள் முகம் சொன்னது. ரொம்ப நல்ல ஆட்கள் சேர் என்றாள். பகலில் பூட்டித்தான் இருக்கும். நாலு வருஷத்தில் ஒரு சண்டையில்லை, ஒரு ரேடியோச் சத்தமில்லை. பிறகு, எங்களைப் புகழ்ந்துதான், இதையும் சொன்னாள்: "மினிஸ்சு இன்னவா கியலாவத் தெனென்னே நே."

ஆட்கள் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

சேர் பேனாவை எடுத்து ஃபோர்மில் எழுதத் தொடங்கினார். எழுதும்போது அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு வேலையை முடிக்கிற ஆளின் முகம் அது, எனக்குத் தெரிந்த முகம். நான் பக்கத்தில் போய் நின்று, அவர் எழுதுவதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வீட்டில் ஆட்கள் வசிப்பதற்கான அடையாளம் எதுவும்.

அதுவரைக்கும்தான் எழுதியிருந்தார்.

"சேர், பிள்ளையைக் கூப்பிடுறேன். மனுசியையும் கூப்பிடுறேன். ஒரு மணித்தியாலம் தாங்க."

"ஒரு மணித்தியாலத்தில ஆரையும் கொண்டுவந்து நிப்பாட்டலாம். நாங்கள் பாக்காத விளையாட்டா?"

ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீடு பார்க்க இருக்கிறது சேர், முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு இதால்தானே திரும்பிப் போவோம் என்றார். சேர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, எழுதின வரியை முடிக்காமல் ஃபைலை மூடினார். "பன்னிரண்டு" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான்.

நேரம் பத்து ஐம்பது. கார்மென்றில் போனை லொக்கரில் வைக்கச் சொல்வார்கள், றஞ்சிதத்தை எடுக்க முடியாது. ஷெரோமியை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. பிறகு, வைங்க அத்தான், நான் பாக்கிறேன் என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார்மென்ற் கேட்டுக்கே போயிருக்கிறாள். செக்குரிற்றி விடவில்லை. அக்காவின் புருஷன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லித்தான் றஞ்சிதத்தை வெளியே எடுத்து, இரண்டு பேரையும் ஒரு த்ரீவீலில் ஏற்றி அனுப்பினாள்.

இந்தப் பக்கம் நான் பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பழையபடி ஆக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில். காஸைக் கொண்டுவந்து வைத்தேன். சட்டிகளை ராக்கையில் அடுக்கினேன். அடுக்கிவிட்டுப் பார்த்தால் கடையில் வைத்த மாதிரி இருந்தது. றஞ்சிதம் எந்தச் சட்டியை எங்கே கவிழ்ப்பாள்? உப்புப் போத்தல் அடுப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் கழற்றத்தான் படித்திருக்கிறேன். கல்யாணப் படத்துக்கு ஆணி அடித்தேன், ஈரச் சுவர் பிளந்து காரை விழுந்தது. ரொஷேலின் பொம்மையை எடுத்து ஹோல் நடுவில் போட்டேன். அது அங்கே கிடந்த விதத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளையின் பொம்மை, என் பிள்ளையின் வீடு, ஆனாலும் கள்ள வேலை செய்கிறவனைப் போல் அதை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு ஒன்றையும் தொடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கொண்டேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்க சேரும் ரீச்சரும் வந்துவிட்டார்கள். றஞ்சிதம் வரவில்லை. பன்னிரண்டாயிற்று. பாலத்தில் லொறி ஏதாவது நின்றுவிட்டால் வத்தளையிலிருந்து வர ஒன்றரை மணி நேரமும் ஆகும். சேர் வாசலில் நின்று ஃபைலைத் திறந்தார், மூடினார். ரீச்சர் குடையின் நுனியால் நிலத்துப் பேப்பரை நேராக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பத்துக்கு, "சரி ரீச்சர்" என்று சேர் பேனா மூடியைக் கழற்றினார்.

கீழே த்ரீவீல் நிற்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் படியில் ஓடி வந்தது. முன்னால் ரொஷேல், பின்னால் மூச்சிரைக்க றஞ்சிதம், கார்மென்ற் தொப்பியைக்கூடத் தலையிலிருந்து எடுக்கவில்லை. என் மனதுக்குள் நான் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன்.

ரொஷேல் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே பார்த்தாள். ஒரு காலை உள்ளே வைத்தவள் அதைத் திரும்ப எடுத்தாள்.

"அம்மா, இது யாரு வீடு?"

சேர் தலையை நிமிர்த்தினார்.

"பிழையான வீட்டுக்கு வந்துட்டோம்மா. வாங்க, மேல போவோம்." தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். மேலே மொட்டைமாடிதான் இருக்கிறது.

றஞ்சிதத்தின் முகம் சுவரை விட வெளுத்துப்போனது. பிள்ளையின் தோளைப் பிடித்து, "ரொஷேல், நல்லாப் பாரு, இது" என்று தொடங்கினாள். ரீச்சர் சட்டென்று கையைத் தூக்கினார். சொல்லிக் குடுக்க வேண்டாம் என்றார். அந்தக் குரலில் முதல் தடவையாக ஒரு கடுமை இருந்தது. றஞ்சிதம் பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"பிள்ளையள் பொய் சொல்லாதுகள்" என்றார் சேர். பேனா தாளில் இருந்தது.

ரீச்சர் படியிலேயே குந்தினார், பிள்ளையின் முகத்துக்கு நேராக. அப்ப உங்கட வீடு எங்க இருக்கு என்று கேட்டார். ரொஷேல் யோசித்தாள். இங்கதான் இருந்திச்சு என்றாள். எப்படி இருக்கும் என்று கேட்டார். பச்சையாக இருக்கும், சுவரில் நான் யானை கீறியிருக்கிறேன், யானைக்குக் கீழே அப்பா படுப்பார் என்றாள். சொல்லிக்கொண்டே தாயின் பாவாடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் சுவரோரத்தில் தலைத்துணியோடு நின்ற என்னை அவள் கண்டாள். என்னை அந்தக் கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை. இரவில் நான் குளித்த பிறகுதான் அவள் வருவாள். கொஞ்ச நேரம் பார்த்து, ஆளை அடையாளம் பிடித்தாள். பிறகு உதடு நெளிந்தது.

"அப்பா, எங்கட வீட்ட எங்க வெச்சீங்க?"

அதற்குப் பிறகு அழத் தொடங்கிவிட்டாள். மெதுவாக இல்லை. மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி. டில்ஷானியின் கதவு திறந்தது. கீழே கடையிலிருந்து யாரோ என்ன என்று கேட்டார்கள். சத்தம் போடாதே பிள்ளை என்று சொல்ல வாய் வந்துவிட்டது, நான் சொல்லவில்லை.

ரீச்சர் எழும்பி, சேலையைத் தட்டிவிட்டார்.

"சேர், இண்டைக்குக் காலமையில இருந்து மூண்டு வீடு பாத்தம். மூண்டிலயும் என்ன நடந்தது? நாங்கள் கேக்க முந்தியே பிள்ளை ஓடிவந்து, இதுதான் எங்கட வீடு, இது என்ர கட்டில், இது என்ர மேசை எண்டு பாடமாக்கினது மாதிரிச் சொல்லிச்சுது. இவை கள்ளமாக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா த்ரீவீலுக்குள்ளயே இந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் குடுத்திருப்பினம். நாலு வருஷம் இருந்த பிள்ளைதான் வீட்டைக் காணேல்லை எண்டு அழும்."

சேர் சப்பாத்தோடு ஈரப் பேப்பரை மிதித்துக்கொண்டு படுக்கிற அறைக்குள் போனார். அங்கே நான் சுவரைத் தொட்டிருக்கவில்லை. பச்சை. மெத்தையை நான் இழுத்த இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், காது பெரிசாக ஒரு யானை. அவர் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு கோட் காய்கிற நேரம் மாதிரி இருந்தது. திரும்பி வந்து, ஃபோர்மில் பாதியில் நின்ற வரியை ஒரு கோட்டால் வெட்டினார். கீழே புதிதாக எழுதினார். என்னிடம் நீட்டி, வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும் என்றார்.

வாசித்தேன். விண்ணப்பதாரி குடும்பத்துடன் இங்கு வசிக்கிறார். ஒரு தடவை வாசித்தால் எனக்குப் போதாது, இரண்டாம் தடவையும் வாசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன், தாளின் ஓரத்தில் ஐவரிப் பெயின்ற் பட்டுவிட்டது.

"பட்டியல் போட இன்னும் மூண்டு கிழமை இருக்கு. பெட்டிசத்துக்கு இதோட சரி. பிள்ளைக்கு இடம் கிடைக்கப் புள்ளி உங்களுக்குக் காணும்" என்றார். படி இறங்கப் போனவர் நின்று, "ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதையும். ஆரும் வீடு பாக்க வருகினம் எண்டா, ஆக்கள் இருக்கிற வீட்டைக் காட்டும். சுவரைக் காட்டாதையும்" என்றார். ரீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவர் கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு றஞ்சிதம் கார்மென்ற் தொப்பியைக் கழற்றினாள். அரை நாள் சம்பளமும் வரவுக் காசும் போயிற்று, நாளைக்கு சூப்பவைசரிடம் விழுந்த புருஷன் எப்படி எழும்பினான் என்று சொல்ல வேண்டும். குசினிக்குள் போய் நான் ராக்கையில் அடுக்கின சட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றி வைத்தாள், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்தக் காஸ் குழாயையாவது கொழுவித் தாங்க. பிள்ளைக்குப் பசிக்கும்."

நான் போய்க் கொழுவினேன். திரும்பி வரும்போது ரொஷேல் இன்னும் வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், படியில் உட்கார்ந்திருந்தாள். டில்ஷானி கொடுத்த பிஸ்கட் கையில் இருந்தது, கடிக்கவில்லை.

"உள்ள வா மகள்" என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

"எங்கட வீடு எப்ப வரும்?"

பின்னேரத்துக்குள் என்று சொன்னேன். அவள் நகர்ந்து படியில் எனக்கு இடம் விட்டாள்.